கேத்திலில் படியும் கல்லும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும்: கிணற்று நீரின் வன்மையை வீட்டில் சமாளிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்து வீடுகளில் கேத்திலின் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் படை ஒன்று தெரியும். நகத்தால் சுரண்டினால் பொருக்காகப் பெயரும். ஆறிய தேத்தண்ணியின் மேல் ஆடை மிதக்கும். முழுகிக் காய்ந்த தலைமயிர் தும்பு போல இருக்கும். குளியலறைக் குழாயின் வாய் வருடத்துக்கு வருடம் ஒடுங்கும். கடலை அவிய விறகு போதாது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். நாம் பாவிப்பது வன்னீர்.

நான் வடக்கில் பல பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். 1995 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும், பிறகு வன்னிக்கும் போய், கடைசியில் ஊருக்குத் திரும்பியவன். போன இடமெல்லாம் வேறு வேறு தண்ணீர் குடித்திருக்கிறேன். இப்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி பாடத்தைப் பற்றியது அல்ல. "மாஸ்ரர், எங்கட கிணத்துத் தண்ணியாலை கிட்னியிலை கல்லு வருமோ? இந்த மெசின் வாங்கத்தான் வேணுமோ?"

கேட்பவர்களில் பலர் மீள்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டைக் கட்டி, ஏற்கெனவே ஒன்றிரண்டு கடனுக்குத் தவணை செலுத்திக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம்தான் தண்ணீர் இயந்திரமும் தவணைக்கு விற்கப்படுகிறது. ஆகவே இதில் எது தொல்லை, எது ஆபத்து, எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குத் தேவையில்லை என்பதைப் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கல் எங்கிருந்து வருகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாக யாழ்ப்பாணம் வரை அது நீள்கிறது. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. எனவே குடிப்பதும், குளிப்பதும், தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் இந்தக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் நீரைத்தான்.

மழை நீர் மென்மையானது. அது மண்ணின் ஊடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அப்படிக் கரைந்த கல்சியமும் மகனீசியமும்தான் நீரை வன்னீராக்குகின்றன. நிலாவரையும் கீரிமலைக் கேணியும் நிலத்தடிக் குகைகளும் இதே கரைதலின் விளைவுகள்தான். ஊருக்குப் பெருமை தரும் கிணற்றையும் கேத்திலில் படியும் கல்லையும் தந்தது ஒரே வேதியியல்.

இந்த வன்மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று தற்காலிக வன்மை. கல்சியமும் மகனீசியமும் இருகாபனேற்றாகக் கரைந்திருப்பது இது. கொதிக்கவைத்தால் கல்சியம் இருகாபனேற்று பிரிந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகக் கீழே படியும். கேத்திலில் நீங்கள் பார்ப்பது அதுதான். மற்றது நிரந்தர வன்மை. குளோரைட்டாகவும் சல்பேற்றாகவும் இருக்கும் கல்சியமும் மகனீசியமும் கொதிக்கவைத்தாலும் போகாது. கரையோரக் கிணறுகளிலும், அதிகம் இறைத்துச் சவர் ஏறிய கிணறுகளிலும் இது கூடுதலாக இருக்கும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் மகனீசியம் இருக்கிறது. அது கொஞ்சம் கலந்தாலே வன்மை எகிறிவிடும்.

வவுனியாவிலும் வன்னியின் உட்பகுதிகளிலும் கதை வேறு. அங்கே அடியில் இருப்பது சுண்ணக்கல் அல்ல, பழைய கருங்கல் வகைப் பாறை. அது சிதைந்து கரையும்போதும் நீர் வன்னீராகும். ஆனால் அங்கே கல்சியத்தோடு புளோரைட்டும் சேர்ந்து வரலாம். இந்த வேறுபாடு முக்கியமானது. பின்னால் இதற்கு வருகிறேன்.

எண்கள் சொல்வது

வன்மையை ஒரு லீற்றர் நீரில் இத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்று அளப்பார்கள். 60 வரை மென்னீர். 61 முதல் 120 வரை நடுத்தரம். 121 முதல் 180 வரை வன்னீர். 180க்கு மேல் மிகுந்த வன்னீர். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தில் வன்மைக்கு எல்லை 250. குடாநாட்டில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியவை.

ஒரு சின்னக் கணக்கு. தற்காலிக வன்மை 250 உள்ள நீரில் நாளுக்கு 10 லீற்றரைக் கொதிக்கவைக்கிறீர்கள் என்று வையுங்கள். முழுவதும் படிந்தால் நாளுக்கு 2.5 கிராம். வருடத்துக்கு 900 கிராமுக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு கிலோ கல். அந்தப் படை வெப்பத்தை இலேசில் கடத்தாது. அதைத் தாண்டித் தண்ணீரைச் சூடாக்க விறகும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகின்றன.

சவர்க்காரமும் பனங்காயும்

வன்னீரில் சவர்க்காரம் ஏன் நுரைப்பதில்லை? சவர்க்காரம் கல்சியத்தைச் சந்தித்தவுடன் அதோடு சேர்ந்து, கரையாத சாம்பல் நிற அழுக்காக மாறிவிடுகிறது. நீரில் உள்ள கல்சியமும் மகனீசியமும் முடியும்வரை சவர்க்காரம் இப்படி வீணாகும். அதன் பிறகுதான் நுரை வரும். நீங்கள் வாங்கும் கட்டியில் ஒரு பங்கு அழுக்கை நீக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரோடுதான் சண்டை பிடிக்கிறது. வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாவதும், வாளியின் ஓரத்தில் பிசுக்கு ஒட்டுவதும் இந்தக் கழிவினால்தான்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைப்பது அரிதாகி, கிடைத்தாலும் விலை எட்டாமல் போனபோது நாங்கள் பனங்காயில் உடுப்புத் தோய்த்தோம். பழுத்த பனங்காயைப் பிசைந்து களி எடுத்து, உடுப்பில் தேய்த்து ஊறவைத்து அலசுவோம். கொடியில் காயும் உடுப்பை மாடு வந்து சப்பாமல் காவல் இருக்க வேண்டும். அதை ஒரு வறுமையின் அடையாளமாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குள் நல்ல வேதியியல் இருக்கிறது. பனங்களியின் கசப்புக்குக் காரணமான பொருட்கள் சபோனின் வகையைச் சேர்ந்தவை. இலங்கை ஆய்வாளர்கள் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சபோனின் நுரைக்கும், அழுக்கை இழுக்கும். ஆனால் சவர்க்காரத்தைப் போலக் கல்சியத்தோடு சேர்ந்து கழிவாகாது. சீயாக்காயும் பூந்திக்கொட்டையும் இதே வகைதான். எங்கள் வன்னீரில், சவர்க்காரம் தோற்ற இடத்தில் பனங்காய் தோற்கவில்லை.

இதற்கு மறுபக்கத்தை வன்னியில் கண்டேன். கிளிநொச்சியில் இரணைமடு வாய்க்காலில் குளிக்கும்போது சவர்க்காரம் இலேசாக நுரைத்தது, எவ்வளவு அலசினாலும் உடம்பில் வழுவழுப்புப் போகாதது போல இருந்தது. குடாநாட்டிலிருந்து வந்த எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். குளத்தில் தேங்குவது பெரும்பாலும் மழைநீர். அது எங்கள் கிணற்று நீரை விட மென்மையானது.

உங்கள் நீரை நீங்களே பாருங்கள்

ஒரே அளவான மூன்று போத்தல்களை எடுங்கள். ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளித்த அதே நீர், ஒன்றில் மழைநீர். மூன்றிலும் கால்வாசி மட்டும் நிரப்புங்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியைச் சீவிக் கரைத்து, ஒவ்வொன்றிலும் பத்துத் துளி விட்டு மூடிக் குலுக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தையோ சலவைத்தூளையோ பாவிக்காதீர்கள். அவை வன்னீரிலும் நுரைக்கும்படி தயாரிக்கப்பட்டவை.

மழைநீரில் உடனே நுரை எழும். கிணற்று நீரில் நுரை வராமல் கலங்கினால் அது வன்னீர். கொதித்த நீரில் நுரை நன்றாக வந்தால் உங்கள் வன்மை பெரும்பாலும் தற்காலிகமானது. கொதித்தும் வித்தியாசம் இல்லையென்றால் நிரந்தர வன்மை கூட, அல்லது சவர் ஏறியிருக்கிறது. சாதாரண தரத்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் செய்யச் சொல்லுங்கள்.

குசினியில்

குடிக்கும் நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஐந்து நிமிடமாவது கொதி நிலையில் விட்டு, ஆறவையுங்கள். அடியில் வெண்மண்டி படியும். கலக்காமல் மேல்நீரை ஊற்றி எடுத்து, கடைசி இரண்டு விரல் அளவைக் கீழே விட்டுவிடுங்கள். தற்காலிக வன்மையில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். கிருமியும் சாகும். ஒரே வேலையில் இரண்டு பயன்.

தேத்தண்ணியில் ஆடை படிவது கல்சியமும் தேயிலைச் சாயமும் சேர்வதால். சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் அது கரையும். கடலை, கௌபீ, பருப்பு அவியாமல் இருப்பதற்கும் கல்சியமே காரணம். அது தானியத்தின் தோலையும் சுவரையும் இறுக்கிப் பிடிக்கிறது. கொதித்துத் தெளித்த நீரில் அல்லது மழைநீரில் ஊறவைத்து அதிலேயே அவியுங்கள். ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டு அவித்தாலும் விறகு மிச்சமாகும்.

கேத்திலில் படிந்த கல்லைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். வினாகிரியும் தண்ணீரும் சம அளவாக விட்டு, அல்லது இரண்டு மூன்று தேசிக்காயைப் பிழிந்து, கொதிக்கவைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். கல் குமிழி விட்டுக் கரையும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் கல் தடிக்காது. அலுமினியப் பாத்திரத்தில் புளியை நீண்ட நேரம் விடாதீர்கள். பாத்திரம் அரிக்கும்.

குளியலறையிலும் கிணற்றடியிலும்

குழாய் வாய் அடைபட்டால் வினாகிரியில் நனைத்த துணியை அதைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பொலித்தீன் பையையும் கட்டி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் பழைய பற்தூரிகையால் தேய்த்தால் கல் கழரும். சீமெந்து நிலத்திலும் பளிங்கிலும் இதைச் செய்யக் கூடாது. புளி அவற்றையும் கரைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலசலகூடத்துக்கு ஊற்றும் அமிலத்தையும் பிளீச்சிங் தூளையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வினாகிரியையும் பிளீச்சிங் தூளோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிராபத்து. கிணற்றுக்குக் குளோரின் இடுவதற்காகப் பல வீடுகளில் அந்தத் தூள் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

உடுப்புத் தோய்க்கும் வாளியில், சவர்க்காரம் போடுமுன் ஒரு மேசைக்கரண்டி சலவைச்சோடாவைக் கரைத்துச் சிறிது நேரம் விடுங்கள். அது கல்சியத்தைப் படியவைத்துவிடும். பிறகு பாதிச் சவர்க்காரமே போதும். சலவைச்சோடா கையை அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தலை முழுகியபின் ஒரு செம்பு தண்ணீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து கடைசியாக அலசினால் மயிரில் ஒட்டிய சவர்க்காரக் கழிவு போய்விடும். தோல் வறண்டு சொறியும் குழந்தைக்குச் சவர்க்காரத்தைக் குறைத்து, தேய்த்ததை முழுதாகக் கழுவி, உடனே தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

குடித்தால் என்ன?

உலக சுகாதார நிறுவனம் குடிநீரின் வன்மைக்கு உடல்நலத்தை அடிப்படையாக வைத்து எந்த எல்லையையும் வகுக்கவில்லை. இலங்கையின் 250 என்ற எல்லை இருந்தாலும், கல்சியமும் மகனீசியமும் விஷம் அல்ல. எங்கள் எலும்புக்கும் இதயத்துக்கும் வேண்டியவை. லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் உள்ள நீரில் நாளுக்கு 2 லீற்றர் குடித்தால் 200 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு வளர்ந்தவரின் நாளாந்தத் தேவை சுமார் 1,000 மில்லிகிராம். ஐந்தில் ஒரு பங்கு கிணற்றிலிருந்தே வருகிறது. பால்மா விலைக்குத் திணறும் குடும்பத்துக்கு இது சின்ன விடயம் அல்ல.

சிறுநீரகக் கல்லைப் பொறுத்தவரை, வன்னீர் குடிப்பதற்கும் அதற்கும் உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. கேத்திலில் கல் படிவது போலச் சிறுநீரகத்தில் படிவதில்லை. கேத்திலில் நடப்பது கொதிப்பினால். சிறுநீரகக் கல்லுக்குப் பெரிய காரணம் போதிய தண்ணீர் குடிக்காமை. வெயிலில் தோட்டத்திலும் வயலிலும் நின்று, தண்ணீர் சவர்க்கிறது என்று குடிக்காமல் விடுபவருக்கே ஆபத்து கூட. "கல்லுத் தண்ணி" என்று பயந்து குடிப்பதைக் குறைத்தால் அந்தப் பயமே கல்லைக் கொண்டுவரும். ஏற்கெனவே கல் இருப்பவர்களும் சிறுநீரக நோயாளர்களும் எவ்வளவு, எந்த நீர் என்பதை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இன்னொரு விடயம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட அந்த நோய் வவுனியாவிலும் உண்டு. வன்மையும் புளோரைட்டும் சேர்ந்த நீர் சந்தேகிக்கப்படும் காரணங்களில் ஒன்று. வேறு பல காரணங்களும் சந்தேகிக்கப்படுகின்றன. முடிவு இன்னும் எட்டப்படவில்லை. வன்மை மட்டும்தான் காரணம் என்றால் யாழ்ப்பாணமே அந்த நோயின் மையமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியவை

வன்மை கண்ணுக்குத் தெரியும், கைக்குப் பிடிபடும். ஆபத்தானவை தெரிவதில்லை. இங்கேதான் எங்கள் கவனம் பிழையான பக்கம் போகிறது.

முதலாவது கிருமி. சுண்ணக்கல்லில் வெடிப்பும் குழியும் அதிகம். மலசலகூடக் குழியின் கழிவு மண்ணால் வடிகட்டப்படாமலே கிணற்றை எட்டலாம். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்று சொல்லப்படும் இடைவெளி கல்நிலத்தில் போதாமல் போகும். வீட்டுத்திட்டக் காணிகள் சிறியவை. உங்கள் குழி தூரமாக இருந்தாலும் பக்கத்து வளவின் குழி உங்கள் கிணற்றுக்குக் கிட்டவாக இருக்கலாம். நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்து, மீள்குடியேறியபின் இறைத்துத் துப்புரவாக்கிய கிணறுகளை மறுபடியும் மறுபடியும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நைத்திரேற்று. யூரியாவிலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் வருகிறது. எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் இது நீண்டகாலப் பிரச்சினை. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்கும் நீரில் இது கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி நைத்திரேற்று செறிவாகும், குறையாது.

மூன்றாவது புளோரைட்டு. வவுனியா, வன்னி உட்பகுதிக் குழாய்க்கிணறுகளில் கவனிக்க வேண்டியது. இலங்கை எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். பல் முளைக்கும் வயதில் கூடுதலாகக் குடித்தால் பல்லில் வெள்ளைப் புள்ளியும் பழுப்புக் கறையும் வரும். அவை நிரந்தரம். இதுவும் கொதித்துப் போகாது.

நான்காவது, சுன்னாகத்தில் நாங்கள் கண்டது. மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. ஒருவர் வளவில் ஊற்றுவது இன்னொருவர் கிணற்றில் வரும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இவற்றில் எதையும் சவர்க்காரப் பரிசோதனையும் காட்டாது, நாக்கும் காட்டாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணத்துக்குப் பரிசோதிக்கலாம். போத்தலை எப்படி நிரப்புவது என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். மொத்த வன்மை, குளோரைட்டு, நைத்திரேற்று, புளோரைட்டு, ஈ.கோலை ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கும் குளோரின் இடுவதற்கும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகலாம். கோடை முடிவில் ஒருமுறை, பெருமழைக்குப் பின் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இயந்திரம் வாங்குமுன்

எங்கள் ஒழுங்கையில் ஒரு விற்பனையாளர் செய்து காட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு கிளாஸ். ஒன்றில் கிணற்று நீர், மற்றதில் அவர் கொண்டுவந்த இயந்திர நீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். கிணற்று நீர் ஒரு நிமிடத்தில் துருப்பிடித்த சேறு போல ஆனது. மற்றது தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் உங்கட பிள்ளையள் குடிக்குதுகள்" என்றார். நின்ற தாய்மாரின் முகம் வெளிறியது.

அந்தச் சேறு கிணற்றிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து சேறாகும். இயந்திர நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை யாராவது இதைச் செய்தால், அவருடைய நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுத் திரும்பவும் செய்யச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். நான் அன்று அப்படித்தான் கேட்டேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டார்.

டி.டி.எஸ். மீற்றர் என்ற சிறு கருவியும் இப்படித்தான். அது காட்டுவது கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை. கிருமியையும் எண்ணெயையும் அது காட்டாது. எண் கூட என்பதற்காக நீர் நஞ்சு அல்ல. எண் குறைவு என்பதற்காகப் பாதுகாப்பும் அல்ல.

விற்கப்படுபவை மூன்று வகை. மென்மையாக்கும் இயந்திரம் கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிறது. 300 வன்மையை நீக்கினால் லீற்றருக்கு 138 மில்லிகிராம் சோடியம் சேரும். குளிப்பதற்கும் தோய்ப்பதற்கும் நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் குடிக்க ஏற்றதல்ல. அதைக் கழுவ வாரந்தோறும் உப்பு வேண்டும். அந்த உப்புநீர் திரும்பக் கல்லுக்குள்தான் இறங்கும்.

ஆர்.ஓ. இயந்திரம் வன்மை, நைத்திரேற்று, புளோரைட்டு, உவர் எல்லாவற்றையும் பெருமளவு நீக்கும். ஆய்வறிக்கையில் நைத்திரேற்றோ புளோரைட்டோ கூட என்று வந்தால் இதற்குக் காசு செலவழிப்பது நியாயம். ஆனால் ஒரு லீற்றர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லீற்றர் கழிவாகப் போகும். வன்னீரில் சவ்வு விரைவில் கல் பிடிக்கும். மாற்றும் பாகங்களின் விலையையும், அவை எங்கே கிடைக்கும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். கழிவு நீரை மலசலகூடத்துக்கும் கழுவுவதற்கும் எடுக்கலாம். காந்தத்தைக் குழாயில் கட்டும் கருவிகள் மூன்றாவது வகை. கட்டுமுன்னும் பின்னும் ஆய்வுகூடத்தில் வன்மையை அளந்து பார்த்தால் எண் மாறாது.

தேத்தாங்கொட்டை கலங்கல் நீரைத் தெளியவைக்கும். வன்மையை அது குறைக்காது. பிளீச்சிங் தூள் கிருமியைக் கொல்லும். அதுவும் வன்மையைத் தொடாது. மண்பானை குளிர்விக்கும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலை.

கூரையில் விழும் மென்னீர்

எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் மென்னீர் மழை. ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையை 600 மில்லிமீற்றர் என்று குறைத்தே வைப்போம். 500 சதுர அடிக் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 22,000 லீற்றர் வரும். முழுவதையும் பிடிக்கத் தேவையில்லை. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால், 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று 200 நாளுக்குப் போதும். மார்கழியில் நிரம்பினால் ஆனி தாண்டும்.

கூரையும் பீலியும் மழைக்கு முன் கழுவப்பட வேண்டும். ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து நிமிட நீரை வெளியே விடுங்கள். தாங்கியின் வாயையும் வழிவாயையும் நுண்வலையால் இறுக்கி மூடுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்தது போலாகும். குடிப்பதைக் கொதிக்கவையுங்கள். மழைநீரில் கல்லும் இல்லை, நைத்திரேற்றும் புளோரைட்டும் அஞ்சும் அளவில் இருக்காது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. பெரிய தாங்கிக்கு வசதி இல்லாதவர்கள் மூடியுள்ள ஒரு பீப்பாயில் தொடங்கலாம். பருப்பு அவிக்கவும் குழந்தைக்குப் பால் கரைக்கவும் அது போதும்.

தனித்தனியாக அல்ல

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அந்தக் குழாய் வரும் வீடுகளில் குடிநீர்க் கவலை குறையும். குழாய் வந்தாலும் குளிப்பும் தோய்ப்பும் தோட்டமும் கிணற்றை விட்டுப் போகப்போவதில்லை. கிணற்றைக் கவனிக்கும் பொறுப்பும் முடியப்போவதில்லை.

நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. ஒரு ஒழுங்கையில் பத்து வீட்டுக்காரர் சேர்ந்து நாலைந்து கிணறுகளைப் பரிசோதித்தால் கட்டணம் பங்காகும், எந்தக் கிணறு குடிக்க ஏற்றது என்பது எல்லோருக்கும் தெரியவரும். மாதர் அபிவிருத்திச் சங்கமும் சனசமூக நிலையமும் செய்யக்கூடிய வேலை இது. அறிக்கையை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். நைத்திரேற்று கூடிய கிணற்றுக்காரரைக் குறை சொல்வதற்காக அல்ல. அந்த வீட்டுக் குழந்தைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் கொடுப்பதற்காக.

கேத்திலில் படியும் கல்லுக்கு இரண்டு தேசிக்காய் போதும். தவணைக்குக் கையொப்பமிடுமுன் அந்த ஐந்து பரிசோதனைகளையும் செய்யுங்கள். அறிக்கை வந்தபின் எந்த இயந்திரம் வேண்டும், வேண்டுமா என்பதையே முடிவு செய்யலாம்.